அம்மாவை வீல்சேரில் மாமல்லபுரம் கூட்டிப் போகலாமா?

கேள்வி: சார், நாங்கள் செய்யாறு பக்கம். என் அம்மாவுக்கு 67 வயது. அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வருஷா வருஷம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா கூட்டிப் போவார். இரண்டு வருடம் முன்பு பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு தெளிவாக இருக்கிறது. பக்கத்தில் ஒருவர் நின்றால் நாலு கால் ஊன்றுகோலைப் பிடித்துப் பத்துப் பன்னிரண்டு அடி நடப்பார். மற்றபடி வீல்சேர்தான். இடது பக்கம் யாராவது வந்து நின்றால் சில சமயம் கவனிப்பதே இல்லை. தட்டில் இடது பக்கச் சோறு அப்படியே இருக்கும். டிவியில் கடற்கரைக் கோயிலைக் காட்டினால் கண் கலங்குகிறார். அவருக்குச் சொல்லாமலே ஒரு நாள் காரில் கூட்டிப் போய் அங்கே நிறுத்தி ஆச்சரியப்படுத்த ஆசைப்படுகிறேன். அண்ணனோ, "இந்த நிலைமையில எதுக்கு? மணல்ல வீல்சேர் போகுமா? விழுந்துட்டா யார் பாக்கிறது? போட்டோவுல பாத்துக்கலாம்" என்கிறார். அம்மாவால் முடியுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முடியும். பக்கத்தில் ஆள் இருந்தால் பத்து அடி எடுத்து வைக்கிறார், பேச்சு தெளிவாக இருக்கிறது என்றால், ஒரு இயன்முறை மருத்துவனாக எனக்கு அதுவே பெரிய முதல். அந்தப் பத்து அடியில் காரிலிருந்து வீல்சேருக்கு மாறிவிடலாம், வீல்சேரிலிருந்து கழிப்பறைக்குப் போய்விடலாம். வெளியூர்ப் பயணத்துக்கு அடிப்படையாக வேண்டியது இந்த இரண்டும்தான். கிளம்புவதற்கு முன் அவருடைய மருத்துவரிடம் ஒருமுறை காட்டி, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கின்றன என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு அளந்து பார்க்க வேண்டியது அம்மாவை அல்ல, அந்த இடத்தை. எத்தனை படி, எவ்வளவு மணல், கழிப்பறைக் கதவு எத்தனை அங்குலம் என்று பார்க்க வேண்டும்.

ஆனால் ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். சொல்லாமல் கூட்டிப் போகாதீர்கள். உங்கள் ஆசை புரிகிறது. பக்கவாதம் வந்தவர்களின் நாளில் பாதி முடிவுகளை மற்றவர்களே எடுத்துவிடுகிறோம். எப்போது குளிப்பது, எந்தச் சேலை, எத்தனை மணிக்குப் படுக்கை என்று எல்லாமே அவர்களைக் கேட்காமல் நடக்கிறது. அந்த வரிசையில் இந்தப் பயணமும் சேர்ந்துவிடக் கூடாது. அதோடு, இருபது முப்பது பிள்ளைகளை வருஷா வருஷம் வெயிலில் அழைத்துப் போய், எண்ணிப் பார்த்து, பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்த ஆசிரியை அவர். உங்கள் வீட்டில் மாமல்லபுரத்தை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஒரு காகிதத்தை முன்னால் வைத்து, "அம்மா, எதை முதலில் பார்க்கணும்? எது இல்லாவிட்டாலும் பரவாயில்லை?" என்று கேளுங்கள். மூன்று இடங்களுக்கு மேல் வேண்டாம். அவர் சொல்லும் முதல் இடத்தைச் சுற்றி மற்றதை அமைத்துக்கொள்ளலாம்.

அவர் முதலில் கடற்கரைக் கோயிலைச் சொல்வார் என்று நினைக்கிறேன். அங்கே இருக்கும் நிலவரம் இதுதான். நுழைவுச் சீட்டு வாங்கும் இடத்திலிருந்து கோயிலை நோக்கிப் புல்வெளிக்கு நடுவே பாவிய நடைபாதை போகிறது. வீல்சேரைத் தள்ளிக்கொண்டு போகலாம். தூரம் கொஞ்சம் அதிகம், தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும். முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் என்று பேட்டரி வண்டிகளும் அங்கே விடப்பட்டிருக்கின்றன. வாசலில் கேளுங்கள், கிடைத்தால் நல்லது. ஆனால் அதை நம்பி வீல்சேரை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வண்டி இறக்கிவிட்ட பிறகும் உட்கார ஒரு நாற்காலி வேண்டும் அல்லவா?

கோயிலை நெருங்க நெருங்கத்தான் சிக்கல். பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்தில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கோயில் அது. மேடை, படி, குறுகலான வழி எல்லாம் அந்தக் காலத்து அமைப்பு. கடலைப் பார்த்த பெரிய சிவன் சன்னதிக்கும் மேற்கைப் பார்த்த சின்ன சன்னதிக்கும் நடுவில் பள்ளிகொண்ட பெருமாள் இருக்கிறார். வீல்சேரோடு அவரிடம் போக முடியாது. "பத்து அடி நடப்பாரே, பிடித்துக்கொண்டு ஏற்றிவிடலாமே" என்று அங்கே போனதும் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். வீட்டுக்குள் சமதரையில் நடக்கும் பத்து அடி வேறு, கைப்பிடி இல்லாத, தேய்ந்து வழுக்கும் கல்லில் ஏறும் மூன்று படி வேறு. அதிலும் இடப்பக்கக் கவனம் குறைந்தவர் படியிலிருந்து இறங்கும்போது இடது கால் எங்கே ஊன்றுகிறது என்றே அவருக்குத் தெரியாது. இதை முன்கூட்டியே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். அங்கே போய் வாசலில் ஏமாறுவதைவிட வீட்டிலேயே தெரிந்துகொண்டு கிளம்புவது எவ்வளவோ மேல்.

ஆனால் வெளியிலிருந்தே பார்க்க எவ்வளவு இருக்கிறது என்பதை அவரே உங்களுக்குச் சொல்லுவார். இரண்டு விமானங்களும் ஒன்றன்பின் ஒன்றாக மெலிந்து உயர்வது, மதிலின் மேல் வரிசையாகப் படுத்திருக்கும் நந்திகள், நெஞ்சில் குடைந்த மாடத்துக்குள் துர்க்கையை வைத்திருக்கும் சிங்கம் என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். மாலை நாலு மணிக்குப் போங்கள். மேற்கிலிருந்து வரும் நடைபாதையில் நிறுத்திக் கோயிலைப் பார்த்தால் வெயில் முதுகுப் பக்கம் விழும், கல் முழுக்க வெளிச்சமாக இருக்கும். காலையில் அதே இடத்தில் நின்றால் கடலுக்கு மேல் ஏறும் சூரியன் நேரே கண்ணில் அடிக்கும். வயதானவர்களுக்கு, அதிலும் கண்புரை இருந்தால், கோயில் வெறும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும்.

ஐந்து ரதங்களுக்கும் அதே சீட்டுதான். ஆனால் தரை வேறு. உங்கள் அண்ணன் கேட்ட மணல் கேள்விக்கு உண்மையான பதில் அங்கேதான் இருக்கிறது. திரௌபதி ரதம், அர்ஜுன ரதம், பீம ரதம், தர்மராஜ ரதம் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. சுற்றிலும் மணல் கலந்த தரை. வீல்சேர் மணலில் சிக்குவதற்குக் காரணம் பின் சக்கரம் அல்ல, முன்னால் இருக்கும் குட்டிச் சக்கரங்கள். பாரத்தை வாங்கி மணலுக்குள் மூக்கைக் குத்திக்கொள்ளும். அந்த நேரத்தில் பின்னாலிருந்து வேகமாகத் தள்ளினால் நாற்காலி நின்றுவிடும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார். விழுவது பெரும்பாலும் இப்படித்தான். நாற்காலியைத் திருப்பி, பின் சக்கரங்கள் முன்னே வரும்படி வைத்து, பின்பக்கமாக இழுங்கள். அல்லது கைப்பிடியை அழுத்திக் குட்டிச் சக்கரங்களைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி, பெரிய சக்கரத்தில் மட்டும் உருட்டுங்கள். வீட்டு வாசலில் மணல் கொட்டி இரண்டு நாள் பழகிப் பாருங்கள், முதலில் காலி நாற்காலியோடு, அப்புறம் அண்ணனை உட்காரவைத்து. உட்கார்ந்து பார்த்தால்தான் பின்னால் சாய்க்கும்போது வயிற்றைப் புரட்டும் அந்தப் பயம் தள்ளுகிறவருக்குப் புரியும். ஒவ்வொரு முறையும் "அம்மா, சாய்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் சாய்க்கும் பழக்கமும் தானாக வரும்.

எந்த வீல்சேர் என்று நீங்கள் எழுதவில்லை. காரில் வைக்க வசதியாக இருக்கிறது என்று நாலும் குட்டிச் சக்கரமாக உள்ள பயண நாற்காலிகளை இப்போது நிறையப் பேர் வாங்குகிறார்கள். விமான நிலையத்துக்கு அது சரி. மாமல்லபுரத்துக்கு வேண்டாம். பின்னால் 24 அங்குலப் பெரிய சக்கரம், முடிந்தால் காற்று அடிக்கும் டயர், கழற்றி எடுக்கும் கைச்சட்டம், மடக்கும் கால்தட்டு உள்ளதாக இருக்கட்டும். கைச்சட்டம் கழன்றால்தான் காருக்குள் பக்கவாட்டில் நகர்ந்து மாற முடியும். உட்காரும் இடத்தில் நல்ல தடிமனான மெத்தை போடுங்கள், வெறும் ரெக்சினில் உட்கார வைக்காதீர்கள். சொந்தமாக இல்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மருத்துவர் குழு சான்றளித்தால் தேசிய அடையாள அட்டையும் கிடைக்கும். பக்கவாதம் வந்தவர்களின் குடும்பங்கள் பல, "இதெல்லாம் பிறவியிலேயே ஊனமானவர்களுக்கு" என்று நினைத்து அந்தப் பக்கமே போவதில்லை. அது தவறு.

கைச்சட்டம் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இது என் கண் முன்னால் நடந்தது. பல வருடங்களுக்கு முன்பு என்னிடம் சிகிச்சை பெற்ற தச்சர் ஒருவரை, கடலோரத்தில் இருக்கும் ஒரு பழைய கோட்டைக்கு நானே கூட்டிப் போனேன். வாசலில் நாலு படி. நாங்கள் கேட்காமலே நாலு இளைஞர்கள் ஓடி வந்தார்கள். நல்ல பிள்ளைகள். ஆளுக்கொரு மூலையைப் பிடித்துத் தூக்கினார்கள். அதில் ஒருவர் பிடித்தது கழன்று வரும் கைச்சட்டம். அது அவர் கையோடு வந்துவிட்டது. நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. நான் பின்னாலிருந்து அவர் தோளைப் பிடித்ததால் பெரிய அடி இல்லை, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. அன்றைக்குத் தவறு என்னுடையது. உதவிக்கு வருபவர்களுக்கு எங்கே பிடிக்க வேண்டும் என்று தெரியாது. தெரிந்த நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நீங்கள் திறந்துவிடுங்கள். "கைச்சட்டத்தையும் கால்தட்டையும் தொடாதீர்கள், இரும்புச் சட்டத்தை மட்டும் பிடியுங்கள்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். படி ஏறும்போது நாற்காலியின் முதுகு படியைப் பார்க்க வேண்டும். பலமானவர் மேல்படியில் நின்று கைப்பிடியைப் பிடித்துச் சாய்த்து ஒவ்வொரு படியாக இழுக்க, இன்னொருவர் கீழே நின்று சட்டத்தைத் தாங்க வேண்டும். சரிவில் இறங்கும்போதும் பின்பக்கமாகத்தான். சரிவில் ஏறினாலும் இறங்கினாலும் அம்மாவின் முகம் மேட்டைப் பார்த்தபடி இருக்கட்டும். அதோடு, இடது அக்குளில் கை கொடுத்து யாரும் தூக்கக் கூடாது. பக்கவாதத்தில் தளர்ந்த தோள்மூட்டு அந்த ஒரு இழுப்பில் நழுவிவிடும், வலி மாதக்கணக்கில் நிற்கும். இடுப்பில் அகலமான துணிப் பட்டை ஒன்றைக் கட்டி, அதைப் பிடித்து எழுப்புங்கள்.

இனி, பயணத்தைக் கெடுப்பது எது என்று என்னைக் கேட்டால் மணலும் இல்லை, படியும் இல்லை, கழிப்பறைதான். நம் வீட்டுப் பெண்கள் வெளியூர் கிளம்பினால் முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள். வீல்சேரில் இருப்பவர்கள் இன்னும் கூடுதலாக. "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று உதட்டை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஏற்கெனவே ஒருமுறை பக்கவாதம் வந்த உடம்பு, கடலோர வெயில், தண்ணீர் இல்லாமல் ஆறு மணி நேரம் என்பது ஆபத்து. ரத்த அழுத்த மாத்திரையோடு சிறுநீர் பிரிக்கும் மாத்திரையும் சாப்பிடுகிறார் என்றால், பயண நாளில் எத்தனை மணிக்குப் போடலாம் என்று மருத்துவரைக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அதனால்தான் காலையில் போய் மாலையில் திரும்பும் திட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு இரவு தங்குங்கள். அறை ஓய்வுக்கு மட்டும் அல்ல. நம்பிக்கையான ஒரு கழிப்பறை பத்து நிமிட தூரத்தில் இருக்கிறது என்ற நிம்மதிக்கு. அந்த நிம்மதி இருந்தால் அம்மா தண்ணீர் குடிப்பார். விடுதிக்குப் போன் செய்து "வீல்சேர் வசதி இருக்கா" என்று கேட்காதீர்கள். "இருக்கு சார்" என்றுதான் பதில் வரும், போய்ப் பார்த்தால் வாசலில் மூன்று படி இருக்கும். தரைத்தளமா? காரிலிருந்து படுக்கை வரை எத்தனை படி? குளியலறைக் கதவு எத்தனை அங்குலம்? உள்ளே மேல்நாட்டுக் கழிப்பறையா? அதன் பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா? கதவில் டேப் வைத்து அளந்து வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் நாற்காலியின் அகலம் 25 முதல் 27 அங்குலம் வரை இருக்கும். கதவு 32 அங்குலம் இருந்தால் நிம்மதி. 28 என்றால் கையைச் சிராய்க்கும். அதற்கும் கீழே என்றால் நாற்காலியை வாசலில் விட்டு அந்தப் பத்து அடியைப் பயன்படுத்த வேண்டும். அப்படியானால் ஈரத்தில் வழுக்காத ரப்பர் விரிப்பு ஒன்று உங்கள் பையில் இருக்க வேண்டும். வாசலில் ஆறு அங்குலப் படி ஒன்று மட்டும் என்றால், மடக்கும் சாய்தளப் பலகை கொண்டுபோகலாம். ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் என்பது கணக்கு. ஆறு அங்குலத்துக்கு ஆறு அடி.

இந்த அளக்கும் வேலையை உங்கள் அண்ணனிடம் கொடுங்கள். அவர் அம்மா மேல் அக்கறை இல்லாமல் பேசவில்லை. விழுந்துவிடுவாரோ என்று பயப்படுகிறார், நாற்காலியைத் தள்ளப்போவதும் பெரும்பாலும் அவராகத்தான் இருக்கும். என் அனுபவத்தில், பயப்படுகிறவர்கள் கையில் டேப்பைக் கொடுத்தால் பாதிப் பயம் வேலையாக மாறிவிடும். முடிந்தால் ஒரு நாள் முன்னதாக அவர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

எப்போது போவது? பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு, பிப்ரவரி முடிவதற்குள். வடகிழக்கு மழை நின்றிருக்கும், மண் இறுகியிருக்கும், வெயிலும் தாங்கும். காணும் பொங்கல் அன்று அந்தப் பக்கமே வேண்டாம். மாசி மகத்தன்று இருளர் மக்கள் கடற்கரையில் கூடுவது பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் அந்த நெரிசல் வீல்சேருக்கு ஆகாது. சனி ஞாயிறையும் தவிருங்கள்.

காரில் மணிக்கு ஒருமுறை நிறுத்தி, அம்மாவை ஒரு நிமிடமாவது எழுப்பி நிறுத்துங்கள். வீல்சேரில் இருக்கும்போது அரை மணிக்கு ஒருமுறை முன்னால் குனிந்து, வலப்பக்கம் சாய்ந்து, உட்காரும் இடத்தின் அழுத்தத்தை மாற்றச் சொல்லுங்கள். அவருடைய இடது கை எப்போதும் மடியில், ஒரு சின்னத் தலையணை மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது தானாகத் தொங்கிச் சக்கரக் கம்பிக்குள் போகும், அவருக்குத் தெரியாது. இடது கால் தட்டிலிருந்து நழுவுகிறதா என்று தள்ளுகிறவருக்குத் தெரியாது, நீங்கள் பாருங்கள். வெயிலில் காய்ந்த கல்மேடையில் உட்கார வைக்காதீர்கள். இடது தொடையில் சூடு உறைக்காமலே கொப்புளம் வந்துவிடும்.

கடலைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டால், மாமல்லபுரத்து மணலில் சிரமப்படாமல் வேறு நாள் சென்னைக்குக் கூட்டிப் போங்கள். மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக 263 மீட்டர் நீள மரப்பாதை ஒன்றை 2022 நவம்பரில் திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதில் ஒரு பகுதியைப் பெயர்த்துப் போட்டது, மறுபடியும் சரிசெய்தார்கள். அந்தப் பாதையின் முனையில் வீல்சேரில் உட்கார்ந்து அலையைப் பார்த்து அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். நம் ஊரிலேயே, உப்புக் காற்றிலேயே, புயலுக்கு நடுவிலேயே இது நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

இங்கே மனதில் இருக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் "அம்மாவால் முடியுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். பாதை இல்லாத குறையை அம்மா ஏன் சுமக்க வேண்டும்? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. இருக்கிற பொதுக் கட்டடங்களை எல்லாரும் வந்துபோகும்படி ஐந்து வருடத்துக்குள் மாற்ற வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறது. அதற்கான விதிகள் வந்தது 2017-ல். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2024 நவம்பர் 8-ம் தேதி உச்ச நீதிமன்றம், அந்த விதிகளில் ஒன்று வெறும் பரிந்துரையாக நிற்பது செல்லாது, கட்டாயமான தரங்களை வகுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. ஆகவே யாரோ மனம் இரங்கிச் செய்யும் உபகாரமாக இதை நினைக்காதீர்கள்.

"பழைய கல்லில் எப்படிக் கைவைப்பது" என்பார்கள். அந்தக் கவலை நியாயமானது, எனக்கும் உண்டு. 1984-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது மாமல்லபுரம். அங்கே ஒரு கல்லைப் பெயர்க்க நானும் சம்மதிக்க மாட்டேன். ஆனால் கல்லில் கைவைக்காமலே எவ்வளவோ செய்யலாம். தரையில் பதிக்காமல் விரித்துவைக்கும் பலகைப் பாதை, கழற்றி எடுக்கும் சாய்தளம், அகலமான கதவுள்ள கழிப்பறை, நிழலில் ஒரு நிறுத்துமிடம். ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் பாறைக்குன்றின் மேலேயே 2020-ல் வீல்சேர்காரர்களுக்குப் புது லிஃப்ட் வைத்தார்கள். நாமும் செய்யாதவர்கள் இல்லை. கடற்கரைக் கோயிலை அலையிலிருந்து காக்கக் கடலோரத்தில் பாறைகளைக் கொட்டி அரண் கட்டியிருக்கிறோம், உப்புக் காற்றைத் தடுக்கச் சவுக்கு நட்டிருக்கிறோம். கல்லுக்காக அந்த இடத்தை அவ்வளவு மாற்றினோமே, அதைப் பார்க்க வரும் மனிதர்களுக்காகவும் கொஞ்சம் மாற்றலாம். போய்வந்த பிறகு, தொல்லியல் துறையின் சென்னை வட்ட அலுவலகத்துக்கும் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். "வசதி இல்லை" என்று பொதுவாக எழுத வேண்டாம். எந்த இடத்தில், எத்தனை அங்குலப் படி, எத்தனை அடி மணல், எந்தக் கதவு எவ்வளவு அகலம் என்று அண்ணனின் டேப் கணக்கோடு எழுதுங்கள். அம்மாவே சொல்லச் சொல்ல நீங்கள் எழுதினால் இன்னும் நல்லது.

சரி, இனி மறுநாள் காலைக்கு வருவோம். நான் இவ்வளவு நேரம் பேசாமல் வைத்திருந்த இடம் அர்ஜுனன் தபசு. உங்கள் அம்மாவுக்கு மாமல்லபுரத்தில் இதைவிட நல்ல இடம் கிடையாது. மணல் இல்லை, படி இல்லை, சீட்டுக்கூட வேண்டாம். சாலையோரத்திலேயே நிற்கும், சிற்பங்கள் செதுக்கிய பெரிய பாறை. கிழக்கைப் பார்த்தது, அதனால் காலை ஏழு மணிக்கு இளவெயில் நேராக அதன் மேல் விழும், நமக்கு முதுகுப் பக்கம். பேருந்துகள் வந்து சேரும் முன் போய்விடுங்கள். வண்டிகள் வராத ஓரமாகப் பார்த்து நிறுத்தி, இரண்டு பிரேக்கையும் போடுங்கள்.

அம்மாவுக்கு இருக்கும் இடப்பக்கப் பிரச்சினையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது கண் கோளாறாக இருக்காது, பிடிவாதமும் இல்லை. மூளையின் வலது பாதி அடிபடும்போது உலகத்தின் இடது பாதி கவனத்திலிருந்து நழுவிவிடும். கண்ணில் படும், மனதில் பதியாது. சோற்றுத் தட்டில் நடப்பதுதான் அந்தப் பெரிய பாறையின் முன்னாலும் நடக்கும். பாறையின் நடுவில் பிளவு. அதன் வலப்பக்கம் யானைகள். ஒற்றைக் காலில் நின்று தவம் செய்பவரும், எதிரே வரம் கொடுக்கும் சிவனும் பிளவுக்கு இடப்பக்கம். பாறையை நேரே பார்க்க உட்கார வைத்தால், யானைகளைப் பார்த்துவிட்டு "முடிஞ்சுதா, போலாமா" என்றுகூடக் கேட்டுவிடலாம். நாற்காலியைக் கொஞ்சம் இடப்பக்கமாகத் திருப்பி வையுங்கள், பாறையின் பெரும்பகுதி அவருக்கு வலப்பக்கம் வரும்படி. நீங்கள் அவருடைய இடது பக்கம் நில்லுங்கள். அண்ணன் பிள்ளைகள் வந்திருந்தால் அவர்களும் இடது பக்கமே நிற்கட்டும். பேச்சுக் குரல் எப்போதும் அந்தப் பக்கத்திலிருந்து வரட்டும்.

அவசரப்படுத்தாமல், யானையின் காலடியில் தவம் செய்யும் பூனையைக் காட்டச் சொல்லுங்கள். வலப்பக்கம்தான் இருக்கிறது, உடனே கண்டுபிடிப்பார். எத்தனை வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டிய பூனை அது. சுற்றி நிற்கும் எலிகளையும் அவரே சொல்லுவார். அப்புறம், "பூனைக்கு இந்தப் பக்கம் என்னம்மா இருக்கு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். யானைத் தும்பிக்கை, பிளவு, அதில் நீந்தி மேலேறும் நாகர்கள் என்று கண் ஒவ்வொன்றாக நகர்ந்து வரும். நடுவில் நின்றுவிட்டால் விரலால் சுட்டிக்காட்டிவிடாதீர்கள், இடது தோளில் மெதுவாகக் கைவைத்து "இன்னும் இந்தப் பக்கம்" என்று மட்டும் சொல்லுங்கள். என் சிகிச்சை அறையில் படங்களையும் வண்ண அட்டைகளையும் வைத்து நான் செய்வதும் இதே பயிற்சிதான். பத்து நிமிடம் ஆகலாம், அரை மணிகூட ஆகலாம். ஒற்றைக் காலில் நிற்கும் அந்த மனிதரிடம் அவர் வந்து சேரும்வரை நாற்காலியை நகர்த்தாதீர்கள்.